ஓபிஸ்ல ஃப்ளூ ஊசி போடுறாங்களாம்: முதல் தடவை போடப் போறவங்களுக்கு

ஒவ்வொரு வருஷமும் அந்த ஈமெயில் வரும். வர்ற வியாழக்கிழமை காலையில பெரிய மீட்டிங் ரூம்ல ஃப்ளூ வெக்சின் போடுறாங்க, விருப்பமானவங்க பேர் குடுங்க, காசு கொம்பனி கட்டும். அதுக்குப் பிறகு தேத்தண்ணி குடிக்கப் போற இடத்தில எல்லாம் இதே கதைதான். போன வருஷம் போட்டன், ஆனாலும் தடிமல் வந்தது, பிறகு என்னத்துக்கு? போட்டா காய்ச்சல் வருமாமே? கோவிட்டுக்கு அத்தனை ஊசி போட்டது போதாதா? எங்கட மாடியில பேர் சேர்க்கிற வேலை நாலு வருஷமா என்னட்டத்தான் இருக்கு, அதால இந்தக் கேள்வியெல்லாம் வாற டொக்டர்மாரிட்டயும் நேர்ஸ்மாரிட்டயும் நிண்டு நிண்டு கேட்டு விளங்கிக்கொண்டதைத்தான் இங்க எழுதுறன்.

முதல்ல அந்தச் சொல்லை ஒருக்கா பார்க்கணும், ஏனெண்டா குழப்பம் எல்லாம் அங்கதான் தொடங்குது. கொழும்பில நாங்க எதுக்கெடுத்தாலும் "ஃப்ளூ மாதிரி இருக்கு" எண்டு சொல்லிடுவம். மூக்கு ஒழுகினாலும் ஃப்ளூ, தொண்டை கரகரத்தாலும் ஃப்ளூ, மழையில நனைஞ்சு ரெண்டு தும்மல் வந்தாலும் ஃப்ளூ. உண்மையில அதுல பெரும்பாலானது வெறும் தடிமல், அதைக் கொண்டுவாற வைரஸ் 200க்கும் மேல இருக்கு. ஃப்ளூ எண்டா இன்ஃபுளுவென்சா, அது வேற ஒரு வைரஸ் குடும்பம். தடிமல் மெல்ல மெல்ல வரும், மூக்குல தொடங்கி ஒரு கிழமை அளவு இழுத்துட்டுப் போயிடும், வேலைக்கும் வந்து போகலாம். ஃப்ளூ அப்படியில்ல. காலையில 138 பஸ்ல நல்லா ஏறி வந்த ஆள் பின்னேரம் ஆகுறதுக்குள்ள குளிர் நடுக்கம், நல்ல காய்ச்சல், எலும்புக்குள்ள நோவு, தலையிடி, வறட்டு இருமல் எண்டு சுருண்டு படுத்திடுவார், அது போய் ஒரு கிழமைக்குப் பிறகும் படியேற ஏலாத களைப்பு நிக்கும்.

ஓபிஸ்ல போடுற ஊசி இந்த இன்ஃபுளுவென்சாவுக்கு மட்டும்தான். தடிமலுக்கும் இல்ல, கோவிட்டுக்கும் இல்ல, டெங்குவுக்கும் இல்ல. அதால "போட்டும் தடிமல் வந்தது" எண்டா ஊசி பிழைச்சுப் போச்சு எண்டு அர்த்தமில்ல, அது வேற கதவால வந்த ஆள். இந்த ஒண்டு விளங்கினா மிச்சக் கேள்வியில பாதி தானா விழுந்திடும்.

சரி, உண்மையான ஃப்ளூவையாவது முழுசா தடுக்குமா எண்டு கேட்டா, இல்ல, அதையும் மறைக்காம சொல்லணும். ஊசியில இருக்கிற வைரஸ் வகையும் ஊருக்குள்ள சுத்துற வகையும் நல்லாப் பொருந்துற வருஷங்கள்ல, ஃப்ளூ வந்து டொக்டரிட்ட போற நிலைமை 40 முதல் 60 வீதம் வரை குறையுது எண்டுதான் அமெரிக்க அரசாங்கத்தின்ட நோய்த் தடுப்பு நிறுவனமான சிடிசியே சொல்லுது. பொருந்தாத வருஷத்தில இந்தப் பாதுகாப்பு இன்னும் குறைவு. ஆனா ஊசி போட்டவருக்கு வந்தாலும் நியூமோனியா, ஆஸ்பத்திரி, ஐசியூ எண்டு போற ஆபத்து குறையுது, அதுதான் பெரிய விஷயம் எண்டு நான் நினைக்கிறன். உலகம் முழுக்க வருஷத்துக்கு 290,000 முதல் 650,000 பேர் வரை இந்த ஃப்ளூவால வாற சுவாச வருத்தத்தில சாகிறாங்க எண்டு உலக சுகாதார நிறுவனம் கணக்கு வச்சிருக்கு. அதுல கூட ஆபத்து வயசானவங்க, சின்னப் பிள்ளைகள், கர்ப்பிணிகள், சீனி வருத்தம், இருதய வருத்தம், ஆஸ்துமா இருக்கிறவங்களுக்கு. 28 வயசில ஜிம்முக்குப் போற தம்பிக்கு ஃப்ளூ வந்தா அஞ்சு நாள் லீவோட முடியும், ஆனா அவர் வெள்ளவத்தை ஃப்ளாட்டுக்குப் போய் சீனி வருத்தம் இருக்கிற அம்மாக்குப் பக்கத்தில இருந்துதானே சாப்பிடுறார்.

வேலை செய்யிற இடத்தில ஏன் போடுறாங்க எண்டதுக்கும் பதில் இதுக்குள்ளதான் இருக்கு. ஃப்ளூ வந்தவர் தனக்கு வருத்தம் எண்டு தெரியிறதுக்கு ஒரு நாள் முந்தியே மற்றவங்களுக்குக் குடுக்கத் தொடங்கிடுவார், பிறகு அஞ்சு, ஏழு நாள் வரைக்கும் குடுப்பார். வருத்தம் எண்டா வீட்டில நில்லுங்க எண்டு எவ்வளவு சொன்னாலும் அந்த முதல் நாளைப் பிடிக்க ஏலாது. கோட்டை, கொள்ளுப்பிட்டி பக்கம் இருக்கிற ஓபிஸ் கட்டடங்களைப் பாருங்க, ஜன்னல் திறக்க ஏலாத கண்ணாடிச் சுவர், நாள் முழுக்க ஏசி, காலையில எட்டரைக்கு லிஃப்டுக்குள்ள பத்துப் பேர் தோளோட தோள் முட்டி நிக்கிறாங்க. ஒருத்தருக்கு வந்தா அடுத்த கிழமை அந்த வரிசையில நாலு கதிரை காலி. கொம்பனி காசு கட்டுறது லீவு குறையட்டும் எண்டுதான், அதுல ஒரு பிழையும் இல்ல, உங்களுக்கும் நல்லம் அவங்களுக்கும் நல்லம். எங்கட நாட்டில பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசமா போடுற வழமையான ஊசிகளுக்குள்ள ஃப்ளூ ஊசி இல்ல, தனியார் ஆஸ்பத்திரியில சொந்தக் காசுக்குத்தான் போடணும், அதால ஓபிஸ்ல கிடைக்குது எண்டா அது நல்ல சலுகை.

இப்ப அந்த ஊசிக்குள்ள என்னதான் இருக்கு எண்டு பார்ப்பம். வழமையா ஓபிஸ்ல போடுறது உயிரில்லாத வகை. வைரஸைப் பெரும்பாலும் கோழி முட்டைக்குள்ள வளர்த்து, செயலிழக்கப் பண்ணி, உடைச்சு, சுத்தப்படுத்தி, அதின்ட மேல்தோலில இருக்கிற புரதத்தைத்தான் எடுக்கிறாங்க. வைரஸ் போட்டிருக்கிற சட்டை எண்டு நினைச்சுக்கொள்ளுங்க, சட்டைக்குள்ள ஆள் இல்ல. எச்1என்1, எச்3என்2 எண்டு செய்தியில வருமே, அந்த எச்சும் என்னும் சட்டையில இருக்கிற ரெண்டு வகைப் புரதத்துக்கு வச்ச பேர்தான். உங்கட உடம்பு அந்தச் சட்டையைப் பார்த்துப் படிச்சு வச்சுக்கொள்ளும், நாளைக்கு உண்மையான வைரஸ் அதே சட்டையோட மூக்கு வழியா உள்ள வந்தா உடனே அடையாளம் கண்டு அடிக்கும். அளவு வெறும் அரை மில்லிலீட்டர்தான்.

உயிருள்ள வைரஸ் உள்ள இல்லாததால இந்த ஊசியால ஃப்ளூ வர வழியே இல்ல. பிறகு ஏன் சில பேருக்குக் காய்ச்சல் அடிக்குது? உடம்பு படிக்கிற வேலை செய்யுது, அதால ஒரு நாள் ரெண்டு நாள் லேசா காயும், மேல் நோகும், அது அடங்கிடும். இன்னொண்டு, அந்தப் படிப்பு முடிய கிட்டத்தட்ட ரெண்டு கிழமை எடுக்கும். ஊசி போட்ட மூணாம் நாள் பஸ்ல பக்கத்தில இருந்தவர் இருமி உங்களுக்கு உண்மையான ஃப்ளூவே தொத்தினா, பழி ஊசிக்குப் போகும்.

ஏன் ஒவ்வொரு வருஷமும் திரும்பத் திரும்பப் போடணும் எண்டதுதான் எனக்கு இதுல ஆகப் பிடிச்ச பகுதி. ரெண்டு காரணம். ஒண்டு, உடம்பில வந்த எதிர்ப்பு மாசக்கணக்கில மெல்லக் குறைஞ்சுகொண்டு போகும். மற்றது, வைரஸ் சட்டையை மாத்திக்கொண்டே இருக்கும், போன வருஷம் படிச்ச சட்டை இந்த வருஷம் பழசு. அதுக்காக 1952ஆம் ஆண்டில இருந்து உலக சுகாதார நிறுவனம் நாடுகளை எல்லாம் சேர்த்து ஒரு கண்காணிப்பு வலையமைப்பு வச்சிருக்கு. ஒவ்வொரு நாட்டிலயும் காய்ச்சல்காரரிட்ட மூக்கிலயும் தொண்டையிலயும் எடுத்த மாதிரிகளைப் பரிசோதிச்சு, இப்ப எந்தச் சட்டை சுத்துது எண்டு பார்த்து, வருஷத்துக்கு ரெண்டு தரம் கூடி முடிவெடுக்கிறாங்க. பெப்ரவரியில வடக்கு அரைக்கோளத்துக்கான ஊசி, செப்டெம்பர்ல தெற்கு அரைக்கோளத்துக்கான ஊசி. இலங்கைக்கான தேசிய இன்ஃபுளுவென்சா நிலையம் எங்க இருக்கு தெரியுமா, பொரளையில, எம்ஆர்ஐ எண்டு நாங்க சொல்லுற மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்குள்ள. டெங்கு டெஸ்ட், விசர்நாய்க் கடி எண்டு கதைக்கேக்க கேள்விப்பட்டிருப்பம், அதே இடம்தான். எங்கட ஆக்களிட்ட எடுத்த மாதிரிகளும் அங்க பார்க்கப்பட்டு அந்த உலகக் கணக்குக்குள்ள போகுது எண்டு தெரிஞ்ச நாளில இருந்து, பொரளைச் சந்தியால போற நேரமெல்லாம் அந்தக் கட்டடப் பக்கம் ஒருக்காத் திரும்பிப் பார்க்கத்தான் செய்யிறன்.

கொஞ்ச வருஷத்துக்கு முந்தி ஊசியில நாலு வகை வைரஸ் இருந்தது, ஏ வகையில ரெண்டு, பி வகையில ரெண்டு. அதுல பி யமகாட்டா எண்ட வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகத்தில எங்கயும் உறுதியாக் கண்டுபிடிக்கப்படவே இல்ல. கோவிட் காலத்தில மாஸ்க் போட்டு, வீட்டுக்குள்ள அடைஞ்சு, விமானம் எல்லாம் நிப்பாட்டினதில அது ஓட வழியில்லாமப் போயிட்டு எண்டுதான் நினைக்கிறாங்க. அதால 2023 செப்டெம்பர்ல இருந்து அதை எடுத்துவிடச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைச்சது. "முந்தி நாலு, இப்ப மூணு, மலிவு ஊசியைக் கொண்டுவந்திட்டாங்க" எண்டு எங்கட ஓபிஸ்ல ஒரு அண்ணா சரியான கோவப்பட்டார், மூண்டுக்கு உண்மையான காரணம் இதுதான்.

பெட்டியில வடக்கு அரைக்கோளம், தெற்கு அரைக்கோளம் எண்டு எழுதியிருக்கிறதைப் பார்த்தும் ஆக்கள் குழம்புவாங்க. வரைபடத்தில நாங்க வடக்குத்தான், ஆனா ஐரோப்பா மாதிரி ஒரே ஒரு குளிர்காலத்தில மட்டும் ஃப்ளூ வாற நாடு இல்ல. எங்களுக்கு வருஷ நடுவில ஒருக்கா ஏறும், வருஷக் கடைசியில மழையோட இன்னொருக்கா ஏறும். அதால ரெண்டு வகையும் இங்க பாவிக்கலாம், முக்கியம் அந்த நேரத்துக்கு ஆகப் புதுசா வந்த, திகதி முடியாத ஊசியாப் போடுறது. நாள் குறிக்கிறது உங்கட கையில எண்டா, அந்த ரெண்டு கிழமையையும் கணக்கில எடுங்க. சித்திரை வருஷப் பிறப்புக்கு ஊருக்குப் போற பஸ், ட்ரெயின் கூட்டம் தெரியும்தானே, அதுக்கு முதல் நாள் போட்டா அந்தப் பயணத்துக்குப் பிரயோசனமில்ல.

இனி அந்த நாளுக்கு வருவம். வெறும் வயித்தோட போகாதீங்க, இரத்தம் எடுக்கிற டெஸ்ட் இல்ல இது, சாப்பிட்டுட்டுத்தான் போகணும். பசியோட போய் ஊசியைக் கண்டு தலை சுத்தி விழுந்தவங்களை நான் ரெண்டு தரம் பிடிச்சிருக்கிறன். கையை லேசா உயர்த்தக்கூடிய உடுப்பு போடுங்க, தோளுக்குக் கீழ இருக்கிற சதையிலதான் போடுவாங்க. வலது கையால எழுதுறவங்க இடது கையைக் குடுங்க.

போனவுடன ஒரு ஃபோர்ம் தருவாங்க. இதைப் பற்றி ஆறுதலாச் சொல்லணும் எனக்கு. நான் பொறுப்பெடுத்த முதல் வருஷம் வந்த ஃபோர்ம் சிங்களத்திலயும் இங்கிலீஷிலயும் மட்டும்தான் இருந்தது. ஸ்டோர்ஸ்ல வேலை செய்யிற ஒரு ஐயா வரிசை நகருதே எண்டு ஒண்டும் வாசிக்காம எல்லாத்துக்கும் "இல்லை"யில கோடு போட்டு சைன் வச்சிட்டார், பிறகு கதைக்கேக்கதான் சொல்லுறார் இருதயத்துக்கு இரத்தம் உறையாத குளிசை எடுக்கிறன் எண்டு. நல்ல காலம், நேர்ஸ் அந்த நேரம் பக்கத்தில நிண்டா. அது ஊசி போடக்கூடாத காரணம் இல்ல, மெல்லிய ஊசியாப் பார்த்துப் போட்டு, போட்ட இடத்தைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிச்சாச் சரி, ஆனா அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். அடுத்த வருஷம் எச்ஆர்ல கேட்டு தமிழ் ஃபோர்ம் எடுத்தம், கேட்டவுடன தந்தாங்க, முதலே கேட்டிருக்கலாம் எண்டு மனசுக்கு நொந்தது. உங்கட இடத்திலயும் தமிழில இல்லையெண்டா கேளுங்க. வாசிச்சு விளங்காத பேப்பர்ல சைன் வைக்காதீங்க.

அந்த ஃபோர்ம்ல உண்மையைச் சொல்ல வேண்டிய விஷயம் கொஞ்சம்தான். முந்தி ஃப்ளூ ஊசி போட்டு மூச்சடைச்சது, முகம் வீங்கினது மாதிரி பெரிய ஒவ்வாமை வந்திருக்கா, வந்திருந்தா போடக்கூடாது. ஊசி போட்டு ஆறு கிழமைக்குள்ள கீயாம் பரே எண்ட நரம்பு வருத்தம் வந்தவங்க, ஓபிஸ்ல நிண்டு முடிவெடுக்காம தங்கட டொக்டரிட்டப் போய்க் கதைக்கணும். இண்டைக்கு நல்லாக் காய்ச்சல் அடிக்குது எண்டா சுகமான பிறகு போடலாம், சும்மா மூக்கொழுகலுக்குப் பிற்போடத் தேவையில்ல. முட்டை ஒவ்வாமை எண்டா முந்தி சரியாப் பயந்தாங்க, இப்ப சிடிசி அதுக்குத் தனிக் கட்டுப்பாடு ஒண்டும் இல்ல எண்டு மாத்திட்டுது, எண்டாலும் சொல்லி வையுங்க. சீனி வருத்தம், பிரஷர், ஆஸ்துமா இருக்கு அதால போடமாட்டன் எண்டு பின்னுக்கு நிக்கிறவங்கதான் உண்மையில முன்னுக்கு வர வேண்டியவங்க. கர்ப்பிணிகளும் அப்படித்தான், எத்தனையாம் மாசமா இருந்தாலும் போடலாம், போடச் சொல்லித்தான் உலக சுகாதார நிறுவனமும் சொல்லுது. ஆறு மாசத்துக்குக் குறைஞ்ச பிள்ளைக்கு இந்த ஊசி போட ஏலாது, தாய்க்குப் போட்டா அந்த எதிர்ப்பு பிள்ளைக்கும் போகும், அந்தச் சின்ன உயிருக்கு அது பெரிய காவல்.

சைவக்காரர் முட்டையைப் பற்றிக் கேட்பாங்க, முஸ்லிம் ஆக்கள் ஜெலட்டின் இருக்கா எண்டு கேட்பாங்க, ரெண்டும் நியாயமான கேள்வி, வெக்கப்படத் தேவையில்ல. முட்டையில வளர்த்த ஊசியில முட்டைப் புரதம் மிக மிகச் சொற்பமா இருக்கலாம். பன்றி ஜெலட்டின் கதை வாறது மூக்குக்குள்ள ஸ்ப்ரே அடிக்கிற வகையில. பெட்டிக்குள்ள ஒரு தாள் இருக்கும், என்னென்ன சேர்த்திருக்கு எண்டு அதில எழுதியிருக்கும், காட்டச் சொல்லிக் கேட்டு, பார்த்து முடிவெடுங்க.

இன்னொரு கவலை, எங்கட வருத்தமெல்லாம் எச்ஆருக்குத் தெரிஞ்சிடுமோ எண்டது. அந்த ஃபோர்ம் ஊசி போட வந்த மருத்துவ ஆக்களுக்குத்தான், எச்ஆருக்கு யார் போட்டது எண்ட கணக்கு இருந்தாப் போதும். ஃபோர்மை யாரிட்டக் குடுக்கிறது எண்டு முதலே கேட்டு, நேரா நேர்ஸின்ட கையிலயே குடுங்க. போட விருப்பமில்லாட்டி வேண்டாம் எண்டு சொல்லலாம், காரணமும் சொல்லத் தேவையில்ல.

ஊசி வாற பெட்டியையும் ஒருக்காப் பாருங்க. 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள்ள இருக்கணும், கூடச் சூடானாலும் கெட்டிடும், ஐஸ்ஸா உறைஞ்சாலும் கெட்டிடும். கொழும்பு வெக்கையிலயும் ட்ராஃபிக்கிலயும் வாற பெட்டி, அதால உள்ளுக்குள்ள தெர்மோமீட்டர் வச்சிருப்பாங்க. போடுறது மூணு செக்கன் வேலை. அதுக்குப் பிறகு பதினைஞ்சு நிமிஷம் அங்கயே கதிரையில இருக்கச் சொல்லுவாங்க, மீட்டிங் இருக்கு எண்டு ஓடாதீங்க. தலை சுத்துறதோ பெரிய ஒவ்வாமையோ வந்தா பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்ளதான் வரும், அதுக்கு மருந்து கையில வச்சிருக்கிறவங்க பக்கத்தில நிக்கேக்கயே வரட்டும். பிறகு வீட்ட போய் மூச்சு இழுக்குது, உதடு வீங்குது, உடம்பெல்லாம் தடிச்சு வருது எண்டா யோசிக்காம 1990க்கு எடுங்க, சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

மற்றபடி வாறது கை நோவு. ரெண்டு நாள் இருக்கும், கையை அசைச்சுக்கொண்டு இருந்தா நல்லம். ஊசி போட்டா முழுகக் கூடாது எண்டு அம்மாமார் சொல்லுவாங்க, குளிக்கலாம், முழுகலாம், அதுக்குத் தடை ஒண்டும் இல்ல. நோவு கூட எண்டா பனடோல் போடலாம், வளர்ந்தவங்க 24 மணித்தியாலத்துக்குள்ள 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல போகக்கூடாது, ஈரல் வருத்தம் இருக்கிறவங்க டொக்டரிட்டக் கேட்டுத்தான் போடணும்.

எனக்கு மனசுக்குள்ள நிக்கிற விஷயம் ஒண்டு இருக்கு. ஈமெயில் போறது ஈமெயில் இருக்கிறவங்களுக்கு மட்டும்தான். லிஃப்ட் பட்டனைத் துடைக்கிற அக்கா, கேட்டில நிக்கிற செக்கியூரிட்டி ஐயா, தேத்தண்ணி கொண்டுவாறவர், இவங்க எல்லாம் வேற கொம்பனியின்ட கொன்ட்ராக்ட் ஆக்கள், பட்டியலில பேர் வராது. ஆனா நாள் முழுக்க எங்க எல்லாருக்கும் பக்கத்தில வாறவங்க அவங்கதான், ஒரு நாள் வராட்டி ஒரு நாள் சம்பளம் போறதும் அவங்களுக்குத்தான். ரெண்டு வருஷத்துக்கு முந்தி பேர் குடுத்திட்டு வராதவங்களால ஒன்பது ஊசி மிஞ்சினது. மேனேஜரிட்டப் போய்க் கேட்டன், சரி எண்டார், அந்த ஒன்பதும் கீழ்மாடி ஆக்களுக்குப் போட்டம். அடுத்த வருஷத்தில இருந்து மிஞ்சினதைக் குடுக்காம முதலே அவங்க பேரையும் பட்டியலில சேர்த்தாச்சு. பேர் சேர்க்கிற வேலை உங்களிட்ட வந்தா, இதைத் தயவுசெய்து கேட்டுப் பாருங்க.

கடைசியா டெங்கு. இதை விட்டுட்டுப் போனா நான் எழுதினதுக்கே அர்த்தமில்ல. எங்கட ஊரில ஃப்ளூ ஏறுற அதே மழைக் காலத்திலதான் டெங்குவும் ஏறும், முதல் ரெண்டு நாள் ரெண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும், காய்ச்சல், தலையிடி, மேல் நோவு. "நான்தான் ஃப்ளூ ஊசி போட்டனே, இது சும்மா காய்ச்சல்" எண்டு நினைச்சுக் கிடக்கக் கூடாது. இருமலும் மூக்கொழுகலும் இல்லாம நல்லாக் காயுது எண்டா இன்னும் கவனம். எதுவா இருந்தாலும் டெங்கு இல்ல எண்டு தெரியும் வரைக்கும் பனடோல் மட்டும்தான், அஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எண்டு நோவுக் குளிசை ஒண்டும் வேண்டாம், டெங்குவா இருந்தா அது இரத்தப்போக்கைக் கூட்டிடும். டொக்டர் சொல்லுற நாளில எஃப்பிசி இரத்தப் பரிசோதனை செய்யுங்க. காய்ச்சல் விட்ட பிறகு வயித்து நோவு, தொடர்ந்து சத்தி, சரியான சோர்வு எண்டா உடன ஆஸ்பத்திரிதான், டெங்குவில ஆபத்து தொடங்குறது காய்ச்சல் இறங்குற அந்த நேரத்திலதான்.

ஊசி போட்டதும் தாற சின்னக் கார்டை ஃபோன்ல ஒரு படம் எடுத்து வையுங்க, போட்ட திகதியும் ஊசியின்ட பேரும் அதில இருக்கும், அடுத்த வருஷ ஃபோர்ம்ல அதைத்தான் கேட்பாங்க.